நாய்க்குத் தெரியக் கூடாது

இக்கட்ட வந்து உக்காருங்க தம்பி, அந்த ஓரத்துல ஏசித் தண்ணி சொட்டுது. பயப்படாதீங்க, இவன் ஒண்ணும் பண்ண மாட்டான். உங்க குட்டியை மடியில வெச்சுக்கிட்டாலும் சரி, கீழ விட்டாலும் சரி, திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். பாருங்களேன், இந்தக் கிளினிக்குல இத்தனை நாயி கத்திக் கெடக்குது. இவன் வாயைத் தொறந்தானா? பத்து மணிக்கு வந்தமுங்க. டோக்கன் பதினேழு. இன்னும் பதினஞ்சே உள்ள போகல. ஒரு சத்தம்? ஒரு மொனகல்? கெடையாது. என்ற செருப்பு மேல தலைய வெச்சுப் படுத்தான்னா, நான் எந்திரிச்சாத்தான் அவன் எந்திரிப்பான்.

கழுத்துலயா? அது ஒண்ணுமில்லீங்க, அலர்ஜி. ரெண்டே ரெண்டு எடத்துல புண்ணு. பெல்ட்டுல ரெண்டு முள்ளு இருக்குமுங்க, அது தோல்ல ஒட்டி ஒட்டி அப்பிடி ஆயிப்போச்சு. அலர்ஜின்னு நான் சொல்றேன். உள்ள இருக்கற டாக்டரம்மா வேற ஏதோ பேரு சொல்லி, போன வாரம் என்னைய ஒரு மொறை மொறைச்சாங்க. ஒரு மாசத்துக்கு அந்தப் பெல்ட்டைக் கண்ணுல காட்டக் கூடாதுன்னுட்டாங்க. சின்ன வயசு. படிச்ச படிப்பு அப்பிடிப் பேசச் சொல்லுது.

உங்க குட்டி என்ன பண்ணுது? செருப்பைக் கடிக்குதா? கடிக்கும். மெத்தையைக் கிழிக்குமே? அதானே. நீங்க எங்கிட்டக் கேட்டது நல்லதாப் போச்சுங்க. இந்த விசயத்துல நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது நெறைய.

நான் பஸ்ஸு டெப்போல டைம்கீப்பரா இருந்தனுங்க. முப்பத்தி நாலு வருசம். பஸ் ஸ்டாண்டுல கூண்டு மாதிரி ஒரு ரூம் இருக்கும், பாத்திருப்பீங்க. அதுக்குள்ள உக்காந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போகோணும்னு எழுதி, விசிலடிச்சுத் தாட்டி விடறது நானுதான். ஒரு நிமிசம் லேட்டா வந்தாலும் லேட்டுன்னுதான் எழுதுவேன். டிரைவருக கண்டக்டருக டீக்கடைல நின்னு சிரிச்சுப் பேசிட்டிருப்பாங்க, நான் போனா டம்ளரை வெச்சுட்டுக் கலைஞ்சுருவாங்க. அவ்வளவு மரியாதை.

இவன் எங்களுக்கு வந்தது மக பிருந்தா கல்யாணமாகி ஒசூரு போனப்ப. ‘எங்கம்மா தனியா இருப்பாங்க’ன்னு சொல்லி அவ கொண்டாந்து விட்டுட்டுப் போனா. தனியா எங்க இருக்கா, நான் இல்லியா? அதைக் கேட்டேன். அதுக்குப் பிருந்தா சிரிச்சுட்டா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கிளினிக் சீட்டுல இவன் பேரு டைகருங்க. நான் வெச்சது. ஆனா எம்பொண்டாட்டி ருக்குமணி, கலரைப் பாத்துட்டுக் கருப்பட்டின்னு கூப்புட்டா. கருப்பட்டின்னு அவ வாய்க்குள்ளயே சொன்னாலும் அக்கட்ட வீதில இருந்து ஓடியாருவான். டைகர்னு நான் கத்துனா, யாரையோ கூப்புடறாங்கன்னு பராக்குப் பாப்பான்.

அதுல எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சோறு போடறவகிட்டத்தான போகும். ஒரு மாசம் நானே சோறு போட்டுப் பாத்தேன். தின்னுட்டு அவகிட்டப் போய்ட்டான். சரி, போகட்டும். பொழுதோட அவ மாகாளியம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வருவா. அவ செருப்புச் சத்தம் வீதி முனைல கேட்டாப் போதும், இவன் கேட்டுக்கும் வாசப்படிக்கும் நாலு ஓட்டம் ஓடுவான். அவ உள்ள வந்ததும் ரெண்டு காலையும் தூக்கி அவ இடுப்புல வெச்சுக்கிட்டு மூஞ்சிய நக்கறதும், இவ தின்னூறு பொட்டலத்தைக் கீழ போட்டுட்டு, ‘அட எஞ்சாமி, என்ற தங்கம், அஞ்சு நிமிசங்கூட ஆகலியேடா’ன்னு கொஞ்சறதும்! நான் அங்கயே சேர்ல உக்காந்திருப்பேன். நான் வாக்கிங் போய்ட்டு ஒரு மணி நேரங்கழிச்சு வந்தா, இவன் ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்குவான். அவளும் அப்பிடித்தான், டிவிய விட்டுக் கண்ணை எடுக்காம, ‘வந்துட்டீங்களா’ம்பா.

பெல்ட்டு வாங்கினது இதுக்கில்லீங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். ஊருல வேற மாதிரி பேசறாங்க. பெல்ட்டு வாங்கினது பஸ்ஸுக்காக.

எங்க வீதி முனைல டவுன் பஸ்ஸு திரும்பும். இவனுக்கு என்ன கெரகமோ, அந்தப் பஸ்ஸைக் கண்டா ஆகாது. வீட்டு கேட் தொறந்திருந்தாப் போச்சு, டயரை ஒட்டியே கொலைச்சுக்கிட்டு ஸ்டாப்பிங் வரைக்கும் தொரத்துவான். ஒரு நாள் டிரைவரு வண்டிய நிறுத்திட்டு எட்டிப் பாக்கறான். பாத்தா, எங்கிட்ட எத்தனையோ வாட்டி லேட்டு வாங்கினவன். பஸ்ஸு பூராச் சனம். ‘ஏனுங்க டைம்கீப்பரே, ரிட்டயர்டு ஆயும் வண்டியத் தொரத்தறத உடலியா நீங்க? இப்ப ஆளு வெச்சு வேற பண்றீங்க!’ன்னான். பஸ்ஸே சிரிக்குது. எனக்கு மானம் போச்சு. மறுநாளே மனோகரன்கிட்டப் போனேன்.

மனோகரன் தொண்டாமுத்தூர் ரோட்டுல கென்னல் வெச்சிருக்கறவன். போலீஸ் நாய்க்கெல்லாம் பழக்கினவன்னு அவனே சொல்லுவான். அவந்தான் இந்தப் பெல்ட்டைக் குடுத்தான். ஷாக் பெல்ட்டுன்னு சொல்லுவாங்க. அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க, ட்ரெயினிங் பெல்ட்டு. கழுத்துல இது, கையில ரிமோட்டு. முதல்ல ஒரு பட்டன், பீப்புனு சத்தம் மட்டும் வரும். அடுத்தது அதிரும், செல்போன் மாதிரி. மூணாவதுதான் விசயம். அதுல ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் நம்பர் இருக்குது. நான் என்ற கையில வெச்சுப் பாத்துட்டுத்தானுங்க இவனுக்குப் போட்டேன். எட்டாம் நம்பர்ல வெச்சேன். எறும்பு கடிச்சாப்பல, அவ்வளவுதான். இவனுக்கு நாப்பது. நாய்க்கு மயிரு இருக்குது, தோலு தடிமன், அதனால நாப்பது. பிருந்தா போன்ல கேக்கறா, ‘அப்பா, உங்க கையில நாப்பது வெச்சுப் பாத்தீங்களா?’ன்னு. நான் எதுக்கு வெக்கோணும்? நானா பஸ்ஸைத் தொரத்தறேன்?

மனோகரன் ஒண்ணே ஒண்ணுதான் திருப்பித் திருப்பிச் சொன்னான். ‘அண்ணா, அமுக்கறது நீங்கன்னு நாய்க்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா உங்களைக் கண்டாப் பயப்படும். ரிமோட்டை மறைச்சு வெச்சுக்கோங்க. மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கோங்க. பஸ்ஸேதான் கடிச்சுதுன்னு அது நினைக்கோணும்.’ நல்லா சொன்னான். நான் பனியன்ல உள்பக்கமா ஒரு பை தைக்கச் சொல்லி, அதுல வெச்சுக்கிட்டேன்.

மூணே நாளுங்க. மூணு நாள்ல பஸ்ஸுன்னா வாலை உள்ள சொருகிட்டு வீட்டுக்குள்ள ஓடிப் போனான். நாலாம் நாள் அதே டிரைவரு ஹாரன் அடிச்சுப் பாக்கறான், இவன் கட்டிலுக்கு அடில. இது நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்க. தொரத்திட்டே இருந்திருந்தா டயர்ல சிக்கிச் செத்திருப்பான். இன்னைக்கு உசுரோட என்ற கால்ல படுத்துக் கெடக்கறான். இதை நான் வாக்கிங் செட்டுல சொன்னதுதான் தப்பு.

செட்டுல தாமோதரன்னு ஒருத்தரு. கூட்டுறவு பேங்குல மேனேஜரா இருந்தவரு. அவருகிட்டக் காது தொங்கற நாயி ஒண்ணு, பப்லுன்னு பேரு. பூசணிக்காய்க்குக் காலு மொளைச்ச மாதிரி இருக்கும். அவரு இடுப்புல ஒரு பை கட்டிக்கிட்டு வருவாரு, அது நிறையக் காய வெச்ச ஈரல் துண்டு. ‘பப்லு உக்காரு’, ஒரு துண்டு. ‘பப்லு வா’, ஒரு துண்டு. நான் கேட்டேன், ‘ஏனுங்க, இதுக்குப் பேரு லஞ்சமில்லீங்களா?’ன்னு. அவரு, ‘உங்களுது கரண்டு வெச்சு மெரட்டறது. போலீஸ் ஸ்டேசன்ல பண்ற வேலை’ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்ச ஒரியாட்டம், வாய்ச்சண்டை, ரெண்டு மாசம் ஓடுச்சு. செட்டே ரெண்டாப் போச்சு. இக்கட்ட ரிமோட்டுக்காரங்க, அக்கட்ட ஈரல்காரங்க. நாயே வளக்காதவங்ககூட ரெண்டுல ஒரு பக்கம் நின்னாங்க. வாட்சப்புல விடிஞ்சாப் போதும், வெளிநாட்டுல இந்தப் பெல்ட்டைத் தடை பண்ணிட்டாங்கன்னு தாமோதரன் ஒண்ணு அனுப்புவாரு. அந்த நாட்டுலயெல்லாம் வாத்தியாரு பையனை ஒரு அடி அடிச்சாலே போலீஸ் வருமுங்கன்னு நான் திருப்பி அனுப்புவேன். அப்பறம் அவரு ஒரு வீடியோ. நான் ஒரு வீடியோ. குட் மார்னிங் அனுப்பறவங்களுக்கு எடமே இல்லாமப் போச்சு.

ஆனா அந்தாளு சொன்னது பூராத் தப்புன்னும் சொல்லிட முடியாதுங்க. ஒரு நாள் பெஞ்சுல உக்காந்து சொன்னாரு. ‘டைம்கீப்பரே, நாய்க்கு வலி எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது. வலி வந்த நேரத்துல எது கண்ணு முன்னால நின்னுச்சோ, அதுதான் வலிக்க வெச்சுதுன்னு எடுத்துக்கும். ஒரு கொழந்தையப் பாத்துட்டிருக்கறப்ப நீங்க அமுக்கினா, அந்தக் கொழந்தையே அதுக்கு ஆகாமப் போயிரும்.’ அப்ப நான் ஒத்துக்கல. ஒத்துக்குவேனா? ஆனா வீட்டுக்கு வந்து ரோசனை பண்ணினேன். மனோகரன் சொன்னதும் அதேதானே? பஸ்ஸு கடிச்சுதுன்னு நினைக்கோணும்னு. ஒரே விசயத்தை ஒருத்தன் வித்தைங்கறான், ஒருத்தரு பாவங்கறாரு.

இந்த நேரத்துலதான் ருக்குவுக்கு மூட்டு ஆபரேசன் ஆச்சு. வலது முட்டி. டாக்டரு தெளிவாச் சொன்னாரு, ஆறு மாசத்துக்குக் கீழ விழுந்துறக் கூடாதுன்னு. இவனுக்கு அது தெரியுமா? ஆஸ்பத்திரில இருந்து எட்டு நாள் கழிச்சு அவ வர்றா, வாக்கரைப் புடிச்சுக்கிட்டு. இவன் அழுகறானுங்க. நெசமாலுமே அழுகற சத்தம். பாஞ்சு போய் ரெண்டு காலையும் தூக்கி அவ மேல வெக்கப் போனான். அவளும் வாக்கரை விட்டுட்டுக் கையை நீட்டறா. நான் பாத்தேன். அவ விழுந்துட்டா என்னாகறது? கையி தானாப் பனியனுக்குள்ள போச்சு. அமுக்கிட்டேன். முட்டிக்காகத்தானுங்க. அவ முட்டிக்காக.

வீல்னு கத்துனான். கத்திட்டு அவளை ஒரு பார்வை பாத்தான். அப்பறம் என்ன பண்ணினான் தெரியுமுங்களா? நேரா எங்கிட்ட ஓடி வந்தான். எங்கிட்ட! என்ற ரெண்டு காலுக்கும் நடுவுல மூஞ்சிய நுழைச்சுக்கிட்டு நடுங்கறான். நான் தலையில கை வெச்சேன். ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் முதல்வாட்டி அவன் தலையில நான் கை வெக்க விட்டான். காது அவ்வளவு மெதுவா இருக்குமுன்னு எனக்குத் தெரியாதுங்க. வெல்வெட்டாட்டம். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அறுவத்தி மூணு வயசுல என்னைத் தேடி ஒருத்தன் ஓடி வந்தது அதுதான் முதல்வாட்டி.

ருக்கு பதறிப் போய்ட்டா. ‘ஏனுங்க, வாக்கர்ல அவன் காலை நசுக்கிட்டனா?’ன்னு கேட்டா. நான், ‘பாத்து நடக்கோணும்மா’ன்னேன். அந்த நேரத்துல அதுதான் வாயில வந்துச்சு.

சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாதுன்னு ஒண்ணுமில்லீங்க. ஆனா மனோகரன் சொன்னதை நெனைச்சுப் பாருங்க, யாரு அமுக்கறதுன்னு தெரியக் கூடாது. நாய்க்குத் தெரியக் கூடாதுன்னா, வீட்டுல இருக்கறவங்களுக்கும் தெரியாம இருக்கறதுதான முறை? அவ மூஞ்சியப் பாத்தே நாயி கண்டுபுடிச்சிருமில்ல?

அப்பறமும் அவன் அவகிட்டப் போனான். விடுவானா? மறுநாளும் போனான். அமுக்கினேன். அதுக்கு மறுநாள் பாயல, சும்மா பக்கத்துல போய் மோந்து பாத்தான். பாஞ்சாத்தான் அமுக்கோணும்னு பாத்தா, மோந்து பாக்கறதுதான பாயறதுக்கு ஆரம்பம்? பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு அதுக்கடியில ரிமோட்டை வெச்சுக்குவேன். ஒரு வாரத்துல பாய்ச்சல் நின்னுச்சு. ரெண்டாவது வாரத்துல அவ இருக்கற ரூமுக்குள்ளயே போறதில்ல. அவ கூடத்துக்கு வந்தா இவன் எந்திரிச்சு என்ற சேருக்கு அடில வந்துருவான். முட்டிக்கு இனிமே ஆபத்தே கெடையாது. டாக்டருகூட எக்ஸ்ரே பாத்துட்டு, சூப்பரா செட் ஆயிருச்சுன்னாரு.

ருக்குவுக்குத்தான் ஒரே வெசனம். மூட்டுக்குத் தடவற தைலத்து வாசம் அவனுக்கு ஆகலியோன்னு நெனைச்சுக்கிட்டா. தைலத்தை நிறுத்திட்டா. அப்பறம் சோப்பு மாத்தினா. ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கிட்டுப் போன சீலையெல்லாம் தொவைச்சு எடுத்து வெச்சா. கோயில் தின்னூறு கொண்டாந்து அவன் நெத்தில தூரத்துல இருந்தே ஊதிப் பாத்தா. தைலம் தடவாம முட்டி வீங்கிப் போச்சு. நான் நல்லா சத்தம் போட்டனுங்க. டாக்டரு சொன்னதைக் கேக்கோணுமா இல்லியா? ஒரு நாயிக்காகக் காலைக் கெடுத்துக்குவாங்களா? தட்டுல சோத்தைப் போட்டு, அதைக் கதவுக்கு அக்கட்ட தள்ளி வெச்சுட்டு, மறைஞ்சு நின்னு பாத்துட்டிருந்தா, திங்கறானான்னு.

செட்டுல ஒரியாட்டம் முத்திப் போய்ப் பந்தயம்னு ஆயிருச்சு. ஞாயித்துக்கெழமை காலைல பார்க்குல வெச்சு, யாரு நாயி சொன்ன சொல்லைக் கேக்குதுன்னு பாத்துரலாம்னாங்க. தாமோதரன் ஒரு கண்டிசன் போட்டாரு. அவரு ஈரல் பையைக் கழட்டிருவாரு, நான் பெல்ட்டைக் கழட்டிரோணும். சரின்னேன். ருக்குவும் வந்தா, கைத்தடிய வெச்சுக்கிட்டு. அவளுக்கு ஆசை. வெளிய, பத்துப் பேருக்கு நடுவுல, தைல வாசமில்லாத எடத்துல கூப்புட்டா வருவான்னு.

முதல்ல பப்லு. தாமோதரன், ‘வா வா’ங்கறாரு, அது வந்தாப்பல வந்து, நடுவுல பெஞ்சுல யாரோ வெச்சிருந்த போண்டாவைப் பாத்துட்டு அக்கட்ட போயிருச்சு. அத்தனை பேரும் சிரிக்கறாங்க. அவரும் சிரிக்கறாரு, வெக்கமில்லாம. அடுத்து நான். ‘டைகர்’னேன். ஒரே ஒரு வாட்டி. அம்பு மாதிரி வந்து கால்ல படுத்தான். கை தட்டினாங்க. ரிமோட்டுக்காரங்க செயிச்சாச்சு. அதோட முடிஞ்சிருக்கோணும்.

தாமோதரன் விடல. ‘வளத்தவங்க அந்தம்மாதான? அவங்க கூப்புடட்டும்’னாரு. ருக்கு கைத்தடிய எங்கிட்டக் குடுத்துட்டு முன்னால போனா. எளைச்சுப் போயிருந்தா. குனிய முடியாது, இருந்தாலும் குனிஞ்சு, ரெண்டு கையையும் நீட்டி, ‘கருப்பட்டி’ன்னா. மெதுவாத்தான் சொன்னா. இவன் காதை ஒட்ட மடக்கிக்கிட்டு வயித்தைத் தரையில பரப்பிட்டான். நடுக்கம். மறுபடி, ‘வாடா சாமி, அம்மாடா’ன்னா. அப்பிடியே ஒண்ணுக்குப் போய்ட்டான். படுத்த மேனிக்கே பின்னால நகந்து, நகந்து, என்ற செருப்புல வந்து ஒட்டிக்கிட்டான். நான் சொன்னேன், ‘பாத்தீங்களா, இதான் டிசிப்ளின். அத்தனை பாசமா ஒருத்தரு கூப்புட்டும் அசையல.’ யாரும் கை தட்டல. பொறாமைதான், வேறென்ன?

தாமோதரன் எங்கிட்ட வந்து, சத்தமில்லாம, ‘டைம்கீப்பரே, வீட்டுக்குள்ள என்ன பண்றீங்க?’ன்னு கேட்டாரு. உங்களுக்கெதுக்குங்க அதுன்னுட்டேன். ‘இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. நீங்க நிறுத்திட்டு, அந்தம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிட்டு, அவங்க கையால தெனமும் ரெண்டு துண்டு ஈரல் குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு மாசத்துல திரும்பி அவங்ககிட்டப் போயிரும்’னாரு. ஆக, அந்தாளு பையைக் கழட்டினாலும் லஞ்சத்தை விடல, பாத்தீங்களா?

வீட்டுக்கு வர்ற வழில ருக்கு, ‘ஏனுங்க, நீங்க ஏதாச்சும்…’னு ஆரம்பிச்சா. ‘என்ன ஏதாச்சும்?’னேன். என்ற மூஞ்சியவே பாத்தா. அப்பறம், ‘ஒண்ணுமில்லீங்க. தப்பா நெனைச்சுட்டேன்’னா. மறுநாள் காலைல பையை எடுத்துக்கிட்டு ஒசூருக்குக் கெளம்பிட்டா. ‘நான் இருந்தா அவன் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கறான். என்ன பாவம் பண்ணினனோ தெரியல. உங்ககூடயாவது நல்லாருக்கட்டும்’னா. அவ வீதி தாண்டற வரைக்கும் இவன் சேருக்கு அடில இருந்து வெளிய வரல. போய் இருவது நாளாச்சு.

சித்தெ இருங்க, போன் அடிக்குது. அவதான். நூறு ஆயுசு அவளுக்கு.

‘சொல்லு ருக்கு… ஆமா, கிளினிக்குலதான் இருக்கறோம்… ஒண்ணுமில்ல, சும்மா ஊசிக்கு… திங்கறான், திங்கறான்… இப்பவா? இங்க கூட்டமா இருக்குது… சரி, சரி, அழுகாத. போனை அவங்கிட்ட வெக்கறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன், பேசு.’

தம்பி, உங்க குட்டியைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க. நம்ம பேச்சு அவளுக்குக் கேக்காது, மியூட்டுல போட்டுட்டேன். கேளுங்க, எப்பிடிக் கூப்புடறா பாருங்க. கருப்பட்டிங்கறா. சாமிங்கறா. தங்கங்கறா. என்னைய ஒரு நாள் அப்பிடி… சரி, அது கெடக்கட்டும். டேய், டேய், எங்கடா பெஞ்சுக்கடில போற? கயித்தை அறுத்துருவானாட்டம் இருக்குது. பெல்ட்டே இல்லடா கழுத்துல. ஒண்ணுமில்லடா, போன்டா அது. அட, தரையெல்லாம் ஒண்ணுக்கு. தம்பி, காலைத் தூக்கிக்கோங்க.

‘ருக்கு? ம்… கேட்டான். நல்லாக் கேட்டான்… வாலாட்டறான். ஆமா, சத்தியமா. போனையே நக்கறான்… சரி. நாளைக்கேவா? எத்தனை மணி வண்டி?… சரி, வா.’

நாளைக்கு வர்றாளாம். சந்தோசம் தாங்கல அவளுக்கு.

அப்பிடிப் பாக்காதீங்க தம்பி. பொய்தான். பின்ன, அவன் உன்ற குரலைக் கேட்டே ஒண்ணுக்குப் போய்ட்டான்னா சொல்லுவாங்க ஒரு பொம்பளைகிட்ட? எனக்கு யாரையும் வலிக்க வெக்கறது புடிக்காதுங்க.

என்ன கேட்டீங்க? உள்ளதைச் சொல்லிரலாமில்லியான்னா? சொல்லலாம். தெனமும் ராத்திரி படுக்கறப்ப நாளைக்குச் சொல்லிரோணும்னுதான் படுக்கறேன். சொன்னா அவ என்ன பண்ணுவான்னும் தெரியும். என்னைய ஒரு வார்த்தை திட்ட மாட்டா. அந்தக் காலோட தரையில உக்காந்து, கையில ஈரலை வெச்சுக்கிட்டு, ரெண்டு மாசமானாலும் சரி, ஆறு மாசமானாலும் சரி, கூப்புட்டுட்டே இருப்பா. இவனும் போயிருவான். ஒரு நாள் பொழுதோட அவ கோயில்ல இருந்து வருவா, இவன் கேட்டுக்கும் வாசப்படிக்கும் ஓடுவான். நான் சேர்ல உக்காந்திருப்பேன்.

பதினேழா? நம்முளுதா கூப்புடறாங்க? வாடா. பாருங்க, கூப்புடக்கூட வேண்டியதில்ல, கூடவே வர்றான். தம்பி, உங்களுக்கு இதுல ஏதாச்சும் தெரியுமுங்களா? ஒரு மாசம் பெல்ட்டு போடக் கூடாதுன்னுட்டாங்களே, அதுக்குள்ள இவன் எல்லாத்தையும் மறந்துருவானுங்களா? டாக்டரம்மாகிட்ட அதைத்தான் கேக்கலாம்னு இருக்கறேன். எப்பிடிக் கேக்கறதுன்னுதான் தெரியல.

மறக்க மாட்டானுங்க. அறிவான நாயி.